பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்தும் இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை தேடல் மென்பொருளைப் பற்றியவை. தரவுத்தளத்தில் பதிவு இருக்கிறது, கண்ணாலும் பார்க்க முடிகிறது, ஆனால் தேடினால் வருவதில்லை, அல்லது தொடர்பே இல்லாதவை வருகின்றன என்பதே அவற்றின் பொதுவான முறையீடு. எழுதிய பலரிடம் யாரோ ஒருவர் இண்டெக்ஸை (எந்தச் சொல் எந்தப் பதிவில் இருக்கிறது என்று தேடலுக்காகத் தனியே வைக்கப்படும் பட்டியலை) அழித்துவிட்டு மறுபடியும் கட்டச் சொல்லியிருக்கிறார். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சொல் தரவுத்தளத்திலிருந்து இண்டெக்ஸுக்குப் போகாமலே நின்றிருக்கலாம். உரையைச் சொற்களாகப் பிரிக்கும்போது, போகும் வழியில் தவறாக வெட்டப்பட்டிருக்கலாம். சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தும், தேடுபவர் எழுதும் சொல் வேறு விதமாக வெட்டப்படுவதால் இரண்டும் பொருந்தாமல் போகலாம். எந்த இடத்தில் தொலைந்தது என்று அறியாமல் மறுபடியும் கட்டினால் சிக்கல் சில நாளைக்கு மறையலாம். காரணத்தைக் காட்டும் தடயமும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும்.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். மின்தடைக்குப் பிறகு சர்வரை மறுபடியும் இயக்கிய நாளிலிருந்து, புதிதாகப் பதிவு செய்யும் நூல்கள் தேடலில் வருவதில்லை. ஆனால் பதிவு எண்ணைக் கொண்டு போனால் அந்த நூலின் பக்கம் திறக்கிறது. இதைத் தவிர, 'ஸ்ரீ' என்று தொடங்கும் பழைய நூல்களில் பாதி மட்டுமே எப்போதும் தேடலில் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே கோளாறா?
– நூலகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவது எளிது. கோஹா ஒரு நூலின் விவரத்தை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. மூலப் பதிவு மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கும். தேடலுக்கான இண்டெக்ஸை ஸீப்ரா என்னும் தனி மென்பொருள் வைத்திருக்கும். பதிவு எண்ணைக் கொண்டு நீங்கள் திறக்கும் பக்கம் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக வருகிறது. தேடல் கட்டத்தில் எழுதும் சொல் ஸீப்ராவிடம் போகிறது. எனவே நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த ஒரு செய்தியே, பதிவு பத்திரமாக இருக்கிறது, இண்டெக்ஸுக்குத்தான் போகவில்லை என்பதை உறுதிசெய்துவிடுகிறது.

ஒரு நூலைச் சேர்த்தாலோ திருத்தினாலோ, கோஹா அந்த நூலின் எண்ணை 'ஸீப்ராக்யூ' என்னும் அட்டவணையில் ஒரு வரியாக எழுதி வைக்கும். பின்னணியில் ஓடும் இண்டெக்ஸர் அந்த வரிகளை எடுத்து ஸீப்ராவில் சேர்த்தபின் 'முடிந்தது' என்று குறிக்கும். அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். முடியாத வரிகள் குவிந்து கிடந்தால், சர்வர் மறுபடியும் எழுந்தபோது இண்டெக்ஸர் எழவில்லை என்று பொருள். அதை இயக்கினாலே தேங்கியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். முழு இண்டெக்ஸையும் மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. இண்டெக்ஸர் பின்னணியில் ஓடாத அமைப்பாக இருந்தால், க்ரான் (குறித்த நேரங்களில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) வழியாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த வேலை நடக்கும். அப்போது க்ரான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா வரிகளிலும் 'முடிந்தது' என்று இருந்தும் நூல்கள் வரவில்லை என்றால், ஸீப்ரா சர்வரே நின்றிருக்கிறதா என்றும், இண்டெக்ஸ் கோப்புகள் யாருடைய உரிமையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். யாராவது அவசரத்தில் ரூட் என்னும் முழு அதிகாரப் பயனராக நுழைந்து மறுகட்டுமானக் கட்டளையை நேரடியாக ஓட்டியிருந்தால், கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறிவிடும். அதன்பின் கோஹாவின் பயனர் அவற்றில் எழுத முடியாது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் தொகுப்பு வழியாக நிறுவிய கோஹாவில் இதற்கென்றே தரப்பட்டிருக்கும் 'கோஹா-ரீபில்ட்-ஸீப்ரா' கட்டளையைப் பயன்படுத்தினால் இந்த உரிமைச் சிக்கல் எழாது.

'ஸ்ரீ' பற்றிய இரண்டாவது கோளாறு ஆழமானது; தமிழ் நூல் வைத்திருக்கும் எல்லா நூலகங்களும் கவனிக்க வேண்டியது. திரையில் ஒரே மாதிரி தெரியும் அந்த எழுத்தை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையில்) இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்று, 'ஸ'வில் தொடங்கிப் புள்ளி, 'ர', ஈகாரக் குறி என்று செல்லும் வரிசை. மற்றொன்று, 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்னும் எழுத்தில் தொடங்கும் வரிசை. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. ஒரு விசைப்பலகை முதல் வரிசையைத் தரும், இன்னொன்று இரண்டாவதைத் தரும். உங்கள் நூலகத்தில் ஆண்டுதோறும் வெவ்வேறு உதவியாளர்கள் வெவ்வேறு விசைப்பலகைகளில் பதிந்திருப்பார்கள். நீங்கள் இன்று எந்த விசைப்பலகையில் தேடுகிறீர்களோ, அந்த வகை நூல்கள் மட்டும் வருகின்றன. இண்டெக்ஸை எத்தனை முறை கட்டினாலும் இது மாறாது, ஏனென்றால் கணினியின் பார்வையில் அவை வேறு வேறு சொற்கள். ஒகர, ஓகாரக் குறிகளிலும் இதே போன்ற இரட்டை வழி உண்டு: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இந்த இரண்டாவது வகையை யூனிகோடின் 'என்எஃப்சி' என்னும் ஒழுங்குமுறை ஒன்றாக்கிவிடும். 'ஸ்ரீ'யை அது ஒன்றாக்காது.

ஸீப்ராவில் எழுத்துகளைக் கையாள இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று லத்தீன் எழுத்துகளை முன்வைத்து உருவான எழுத்துப் பட்டியல் முறை. மற்றொன்று, ஐசியூ என்னும் யூனிகோடு நூலகத்தைக் கொண்டு இயங்கும் முறை. தமிழ் நூல்களுக்கு ஐசியூ முறையே ஏற்றது. அதன் அமைப்புக் கோப்பில் என்எஃப்சி ஒழுங்கையும், 'ஶ'வில் தொடங்கும் ஸ்ரீயை 'ஸ'வில் தொடங்கும் ஸ்ரீயாக மாற்றும் ஒரு விதியையும் சேர்க்க முடியும். அந்த விதி இண்டெக்ஸில் நுழையும் சொல்லுக்கும் தேடும் சொல்லுக்கும் ஒருசேரப் பொருந்தும் என்பதுதான் அதன் சிறப்பு. மூலப் பதிவைத் தொட வேண்டியதே இல்லை. விதியைச் சேர்த்தபின் ஸீப்ராவை நிறுத்தி இயக்கி, முழு இண்டெக்ஸையும் ஒருமுறை கட்டுங்கள்; இந்த இடத்தில் அது தேவையான வேலை.

கேள்வி: நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. கூலிப் பதிவு, பழம் பறித்த அளவு, மிளகுக் கணக்கு எல்லாவற்றையும் அக்காள் மகன் எழுதிக் கொடுத்த மென்பொருளில் வைத்திருக்கிறோம். அது எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தில் இயங்குகிறது. கோபி என்னும் தொழிலாளியின் பெயரைத் தேடினால், காபி என்று எழுதியிருக்கும் அத்தனை பதிவுகளும் வந்து குவிகின்றன. ஆங்கிலத்தில் எழுதியவற்றைத் தேடும்போது இந்தத் தொல்லை இல்லை. தம்பி மூன்று முறை இண்டெக்ஸைக் கட்டிப் பார்த்துவிட்டார்.
– தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கோபி, காபி இரண்டிலும் உயிர்மெய்க் குறிகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது 'க', 'ப' என்னும் இரண்டு எழுத்துகள் மட்டுமே. உங்கள் மென்பொருள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5, உரையைச் சொற்களாக வெட்டுவதற்கு 'யூனிகோடு61' என்னும் வெட்டியை இயல்பாகப் பயன்படுத்துகிறது. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை உண்டு: எழுத்து, எண், நிறுத்தக்குறி என்பவை போல. இந்த வெட்டி, எழுத்து வகையையும் எண் வகையையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. மற்றவற்றைச் சொல் முடியும் இடமாகக் கொள்கிறது. தமிழில் 'க' என்பது எழுத்து வகை. ஆனால் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை 'சேர்குறி' வகையைச் சேர்ந்தவை. ஆகவே அந்த வெட்டியின் கண்ணில் 'கோபி' என்பது 'க' என்று ஒரு சொல்லும் 'ப' என்று ஒரு சொல்லும்தான். ஓகாரக் குறியும் இகரக் குறியும் இடைவெளிகள். நீங்கள் தேடும் சொல்லும் அதே வெட்டியின் வழியாகப் போய், 'க'வை அடுத்து 'ப' வரும் இடங்களைக் கேட்கிறது. காபித் தோட்டத்துக் கணக்கில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இராது. 'மேல்' என்று தேடினால் 'மாலை'யும் 'மூலை'யும் வருவதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளும் தனி எழுத்துகள் என்பதால் அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. தமிழுக்கு மட்டுமின்றி இந்தி, மலையாளம் போன்ற மொழிகளுக்கும் இதே நிலைதான். சோதிக்கும்போது ஆங்கிலச் சொற்களை மட்டும் எழுதிப் பார்ப்பதால்தான் இப்படிப்பட்ட பிழைகள் கணக்குப்புத்தகம் வரை வந்துவிடுகின்றன என்பது எனக்கு வருத்தமே.

இதை ஊகமாக விட வேண்டாம். எஃப்டிஎஸ்5 உடன் 'எஃப்டிஎஸ்5வோகாப்' என்னும் துணை அட்டவணை ஒன்று வருகிறது. இண்டெக்ஸுக்குள் உண்மையில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதை அது பட்டியலிடும். அதைத் திறந்ததும் 'க', 'ப', 'ம', 'ல' என்று ஒற்றை எழுத்துகள் வரிசையாக நிற்பதை உங்கள் அக்காள் மகன் காண்பார். மூன்று முறை கட்டியும் பயனில்லாமல் போனது ஏன் என்பதும் அப்போது விளங்கும்: அதே கத்தியால் வெட்டினால் அதே துண்டுகள்தான் கிடைக்கும்.

தீர்வு ஒரே ஓர் அமைப்பில் இருக்கிறது. தேடல் அட்டவணையை உருவாக்கும்போது, வெட்டிக்கு 'கேட்டகரீஸ்' என்னும் தெரிவைக் கொடுத்து, எழுத்து, எண் வகைகளோடு சேர்குறி வகைகள் இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்க் குறிகளில் துணைக்கால், இகரக் குறி, கொம்புகள் முதலியவை இடம் பிடிக்கும் சேர்குறிகள். ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத சேர்குறிகள் என்று யூனிகோடு பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதிச் சொற்கள் சரியாகி, மற்ற பாதி உடைந்தே இருக்கும். பிறகு அந்தப் பாதியைத் தேடி அலைய நேரும். இருக்கும் தேடல் அட்டவணையில் வெட்டியை மாற்ற வழியில்லை. புதிய அட்டவணையை உருவாக்கி, மூல அட்டவணையிலிருந்து எல்லாவற்றையும் அதில் நிரப்பி, சரிபார்த்தபின் பழையதை நீக்குங்கள். அதே மென்பொருளில் பைத்தான் மொழியின் உள்ளமைந்த 'ஆர்இ' நூலகத்தைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் இடம் எங்காவது இருந்தால், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லெழுத்து என்பதற்கு அது வைத்திருக்கும் குறியீடும் தமிழ்ச் சேர்குறிகளை ஏற்பதில்லை.

கேள்வி: செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். பில் போடும் மென்பொருள் மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது. வாடிக்கையாளர் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னால் தேடி எடுப்போம். முன்பு உடனே வந்தது, இப்போது வாடிக்கையாளர் முன்னால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எண்ணுக்கும் பெயருக்கும் இண்டெக்ஸ் இருக்கிறது என்று மென்பொருள் எழுதியவர் உறுதியாகச் சொல்கிறார்.
– வணிகர், சேலம்

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். இண்டெக்ஸ் இருப்பது ஒன்று, அந்தக் கேள்விக்கு அது பயன்படுவது வேறொன்று. தரவுத்தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பி-ட்ரீ என்னும் அமைப்பு, 1970களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்தது. அது மதிப்புகளை அகராதியைப் போல முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தி வைக்கிறது. அகராதியில் 'மலை' என்று தொடங்கும் சொற்களைச் சட்டென்று எடுக்கலாம். 'மலை' என்று முடியும் சொற்களை எடுக்க வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டத்தான் வேண்டும். கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்பதும் அப்படித்தான். வாடிக்கையாளர் பட்டியல் சிறியதாக இருந்தபோது முழுவதையும் புரட்டியது உங்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் வளர வளரத் தெரிகிறது.

தேடும் வினவலுக்கு (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளைக்கு) முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' என்று சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். விடையில் வகை என்னும் பத்தியில் (நெடுவரிசையில்) 'ஆல்' என்று இருந்தால், அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது என்று பொருள். உங்கள் தேவைக்கு நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பிலிருந்து, இன்னொரு பத்தியிலிருந்து தானாகக் கணக்கிடப்படும் பத்தியை உருவாக்கி, அதற்கு இண்டெக்ஸும் போடலாம். கைபேசி எண்ணைத் திருப்பி எழுதிய வடிவத்தை அப்படியொரு பத்தியில் வைத்துவிட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் அங்கே முதல் நான்கு ஆகிவிடும். வாடிக்கையாளர் சொன்ன நான்கையும் மென்பொருள் திருப்பிப் போட்டுத் தேடினால் போதும். கடையில் யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

முழு எண்ணைக் கொடுத்துத் தேடும்போதும் தாமதம் இருந்தால், எண் எப்படி அனுப்பப்படுகிறது என்று பாருங்கள். கைபேசி எண் எழுத்து வகைப் பத்தியில் இருந்து, வினவல் அதை மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாக ஒப்பிட்டால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், இண்டெக்ஸ் பயன்படாது. பெயருக்கான இண்டெக்ஸ் 'ஊர், பெயர்' என்னும் வரிசையில் போடப்பட்டிருந்தால், ஊரைச் சொல்லாமல் பெயரை மட்டும் தேடும்போது அதுவும் உதவாது. இவற்றைப் பார்க்காமல் மேலும் மேலும் இண்டெக்ஸ் சேர்ப்பதைத் தவிருங்கள். ஒவ்வொரு புதிய பதிவின்போதும் அத்தனை இண்டெக்ஸுகளையும் தரவுத்தளம் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், தேடல் வேகமாகாமலே பதிவு தாமதமாகிவிடும்.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருளில் நேற்று வரை எல்லாம் சேர்ந்தது. இன்று புதிய கட்டுரை எதுவும் சேர்வதில்லை. பழையவற்றைத் தேடினால் வருகின்றன. நிலை மஞ்சள் நிறத்தில் இருக்கிறது.
– இணையதளப் பொறுப்பாளர், சூரமங்கலம்

பதில்: முதலில் வட்டில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். இயல்பான அமைப்பில், வட்டு 95 விழுக்காடு நிரம்பியதும் எலாஸ்டிக்சர்ச் அந்த முனையத்தில் (அது ஓடும் சர்வரில்) இருக்கும் இண்டெக்ஸுகளைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். அதனால்தான் தேடல் நடக்கிறது, சேர்ப்பது நடக்கவில்லை. இடத்தை விடுவித்தால், 7.4 முதலான பதிப்புகளில் நிரம்பல் 90 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் பூட்டு தானாகத் திறக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த அமைப்பை நீங்களே நீக்க வேண்டும். இடம் தேடும் அவசரத்தில் இண்டெக்ஸ் கோப்புறைக்குள் நுழைந்து கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள். மஞ்சள் நிறம் வேறு விஷயம். ஒரே முனையத்தில் இயங்கும் அமைப்பில், நகலை வைக்க இரண்டாவது முனையம் இல்லாததால் அந்த நிறம் வருவது வழக்கம்.

கேள்வி: எங்கள் நெசவாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருக்கிறது. உறுப்பினர் எண்கள் 12-7 என்பது போலத் தெரு எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்தவை. பழைய சர்வரிலிருந்த தரவுக் கோப்புறையை அப்படியே புதிய சர்வருக்கு நகலெடுத்தோம். உபுண்டு இயங்குதளத்தின் 18.04 பதிப்பு இருந்த இடத்தில் இப்போது 22.04 இருக்கிறது. அன்றுமுதல் சில உறுப்பினர்கள் தேடலில் வருவதில்லை. இல்லை என்று எண்ணிப் புதிதாகச் சேர்த்தால், ஒரே எண் இரண்டு முறை பதிவாகிவிடுகிறது. இரட்டைப் பதிவுக்குத் தடை போட்டிருந்தும் இப்படி நடக்கிறது.
– சங்கப் பணியாளர், அம்மாபேட்டை

பதில்: முதலில் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டு, இப்போதிருக்கும் நிலையில் ஒரு முழு நகல் எடுத்து வையுங்கள். இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் உடனே கவனிக்க வேண்டியது உங்களுடையதுதான், ஏனென்றால் இங்கே தேடல் மட்டும் கெடவில்லை, பட்டியலே கெட்டுக்கொண்டிருக்கிறது. ஓர் உறுப்பினருக்குச் சேர வேண்டிய தொகை அவருடைய இரட்டைப் பதிவின் பேரில் எழுதப்பட்டுவிட்டால், அதைப் பிறகு பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

காரணம் இதுதான். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் பெரும்பாலும் இயங்குதளத்தின் ஜிலிப்சி என்னும் நூலகத்திடம் கேட்டுக்கொள்கிறது. 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 பதிப்பில் அந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, 22.04இல் இருப்பது 2.35. பழைய விதிப்படி '11' முன்னால் வரும், '1-1' பின்னால் வரும். புதிய விதியில் '1-1' முன்னால் வந்துவிடும். உங்கள் உறுப்பினர் எண்களில் இடைக்கோடு இருப்பதால் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள். இண்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, தேடுவதோ புதிய விதிப்படி நடக்கிறது. இடப்பக்கம் இருக்கும் எண்ணை வலப்பக்கத்தில் தேடிவிட்டு, இல்லை என்று விடை சொல்கிறது. இரட்டைப் பதிவுத் தடையும் அதே இண்டெக்ஸை நம்பித்தான் இயங்குகிறது. அதுவும் இல்லை என்றே எண்ணிப் புதிய பதிவை அனுமதித்துவிடுகிறது. தரவைப் பிஜி-டம்ப் என்னும் ஏற்றுமதிக் கருவி வழியாக எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றியிருந்தால், இண்டெக்ஸுகள் அங்கே புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், இந்த நிலை வந்திருக்காது. கோப்புறையை அப்படியே நகலெடுத்ததால் பழைய அடுக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

உறுதிசெய்ய, தேடலில் வராத ஓர் உறுப்பினரின் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த அமர்வுக்கு மட்டும் இண்டெக்ஸ் வழியாகத் தேடும் முறைகளான இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிட்டு அதே வினவலை ஓட்டுங்கள். இப்போது அவர் வந்தால் குற்றம் இண்டெக்ஸில்தான். 'ஏஎம்செக்' என்னும் நீட்சியைச் சேர்த்தால், வரிசை குலைந்த இண்டெக்ஸுகள் எவை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லும். எழுத்து வகைப் பத்திகளில் உள்ள எல்லா இண்டெக்ஸுகளையும் சோதியுங்கள். எண் வகைப் பத்திகளை இந்த மாற்றம் தொடாது.

அதன்பின் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து, சங்கத்தின் பழைய கையேட்டுப் பதிவோடு ஒப்பிட்டு, எது மூலப் பதிவு என்று முடிவு செய்து ஒன்றாக்குங்கள். இதைத் தேடும் வினவலையும் இண்டெக்ஸ் ஸ்கேன்கள் அணைந்த நிலையிலேயே ஓட்ட வேண்டும். இரட்டைகள் இருக்கும்வரை, தனித்தன்மை காக்கும் இண்டெக்ஸ் மறுபடியும் கட்டப்படாமல் பிழை காட்டி நின்றுவிடும். அவை நீங்கியதும் 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையை ஓட்டுங்கள். உங்களுடையது 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், தரவுத்தளத்தின் வரிசை விதிப் பதிப்பு பொருந்தவில்லை என்னும் எச்சரிக்கையையும் பார்த்திருப்பீர்கள். ரீஇண்டெக்ஸ் முடிந்த பிறகே அந்த எச்சரிக்கையை நீக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும், முன்னதாக அல்ல.

கேள்வி: சேலம் மாவட்ட வரலாறு தொடர்பான பழைய நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியாக உரையாக்கி, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் சேர்த்து வருகிறேன். 'சேலம்' என்று தேடினால் 'சேலத்தில்', 'சேலத்திலிருந்து' என்று இருக்கும் பக்கங்கள் வருவதில்லை. 'சேல' என்று தொடங்குபவை எல்லாம் வரட்டும் என்று அமைத்தேன். இப்போது சேலை பற்றிய பக்கங்களும் வருகின்றன.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: மதிப்பிற்குரிய அம்மா, நீங்கள் மேற்கொண்டிருக்கும் பணி பெரிது, அதற்கு ஏற்ற தேடல் அமைய வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். யூனிகோடில் 'சேலை' என்பது 'சேல' என்னும் வரிசையோடு ஐகாரக் குறி சேர்ந்தது. ஆகவே 'சேல' என்னும் முன்னொட்டுத் தேடல் சேலையையும் பிடிக்கத்தான் செய்யும். நெசவுக்குப் பெயர்பெற்ற ஊரின் வரலாற்றில் சேலை அடிக்கடி வரும் என்பதால், உங்களுக்கு இது பெரிய இடைஞ்சல். முன்னொட்டை விரும்பினால் 'சேலம்', 'சேலத்' என்னும் இரண்டையும் 'அல்லது' என்று இணைத்துத் தேடுவது பொருத்தம். மகர ஈற்றுப் பெயர்கள் பொதுவாக வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை பெறுவதால், மாவட்டம், தோட்டம், பஞ்சம் என்று எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தும்.

இதைத் தேடுபவரே ஒவ்வொரு முறையும் செய்யாமலிருக்க, 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 முதல் 'தமிழ்' என்னும் உரைத் தேடல் அமைப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. அது ஸ்னோபால் முறைப்படி சொல்லின் ஈற்றைக் களைந்து வேர் வடிவத்தை இண்டெக்ஸில் வைக்கும். நீங்கள் 'சிம்பிள்' அமைப்பில் இருப்பதாகத் தெரிகிறது. அது சொல்லை உள்ளபடியே வைக்கும். மாற்றும்போது, இண்டெக்ஸை உருவாக்கும் கட்டளையிலும் வினவலிலும் 'தமிழ்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஓரிடத்தில் தமிழும் மற்றோரிடத்தில் சிம்பிளும் இருந்தால், ஒரு பக்கம் வேரும் மறுபக்கம் முழுச் சொல்லும் நின்று பொருந்தாமல் போகும். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். தமிழில் ஈறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், ஒற்றும் மிகும். எந்தக் களைதல் முறையும் எல்லாவற்றையும் சரியாகக் களையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'டிஎஸ்-லெக்ஸைஸ்' என்னும் செயற்கூறில் உங்கள் நூல்களில் வரும் சொற்களைக் கொடுத்து, என்ன வேர் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இடப்பெயர்களுக்கு எந்த இலக்கணக் களைதலும் போதாது. ஏற்காடு என்றும் ஏர்க்காடு என்றும், சேர்வராயன் என்றும் ஷெவராய் என்றும் நூலுக்கு நூல் எழுத்து மாறும். இவற்றுக்கு நீங்களே ஓர் இணைச்சொல் கோப்பு தயாரித்து, அதைத் தேடல் அமைப்பில் தமிழ்க் களைதலுக்கு முன்னால் வையுங்கள். மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களையும் மலைக் கிராமங்களையும் நன்கறிந்த ஒருவர் கையால் எழுதும் பட்டியலுக்கு ஈடாக எந்த மென்பொருளும் இல்லை. எழுத்துணரி செய்யும் பிழைகளையும் அதிலேயே ஓரளவு சேர்க்கலாம்: துணைக்காலை 'ர' என்று படிப்பது மிகுதியாக நடக்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'னை', 'ணா', 'றா' போன்றவை பழைய வடிவில் இருப்பதால் அங்கும் பிழை கூடும். ஒன்றை மறக்காதீர்கள்: இணைச்சொல் கோப்பைத் திருத்தினால் அதன் பின் சேர்க்கும் பக்கங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். முன்பே கணக்கிட்டுச் சேமித்த தேடல் பத்தி தானாக மாறாது. பட்டியல் ஓரளவு நிறைவடைந்தபின் அந்தப் பத்தியை எல்லாப் பக்கங்களுக்கும் ஒருமுறை மறுபடியும் கணக்கிட வேண்டும்.